மாடியிலே ஒரு குளம்

போன இதழில் அரிசியில் வண்டு விழாமல் இருக்க நான் எழுதிய வேப்பிலைக் குறிப்பைச் செய்து பார்த்ததாகப் பல சகோதரிகள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். இந்த முறை சமையலறையை விட்டுவிட்டு மாடிக்குப் போவோம். அங்கே ஒரு மீன் தொட்டி இருக்கிறது. உடனே மீன் வளர்ப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மீனைப் பற்றி என் மகனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தொட்டியின் கனம் ஒன்றுதான். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு. என் மாமனாரின் தகப்பனார் கட்டியது. கீழே கூடம், சமையலறை, மாமியாரின் அறை. மேலே இரண்டு அறைகள், ஒரு குளியலறை. மாமியாரின் அறைக்கு நேர் மேலே இருப்பது என் மகனின் அறை. மாமியாருக்கு வயது 78. முழங்கால் வலியால் மாடிப்படி ஏறி ஏழெட்டு வருஷமாகிறது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் படுப்பது அதே அறையில், அதே கட்டிலில்தான்.

என் மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் இருந்தான். பெற்ற வயிறு எப்படித் தவித்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். சாப்பிட்டதும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அப்பாவிடம் பேச்சே கிடையாது. கடைசியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கூட வேலை செய்கிற பையன் ஒருநாள் அவனைக் கொளத்தூருக்கு அழைத்துப் போயிருக்கிறான். சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தானே! தெருத்தெருவாகக் கடைகள். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தவன் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மீனைப் பற்றியே பேசினான். இரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு பேசியதே இல்லை.

"அம்மா, நாலு அடியில ஒரு தொட்டி வாங்கிக்கட்டுமா? என் சம்பளத்துலதான்."

"வாங்கிக்கோ கண்ணா" என்றேன். நான் வேறு என்ன சொல்லியிருப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

தொட்டி வந்தது. நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நாலு கால் வைத்த இரும்பு ஸ்டாண்டில் மேற்குச் சுவரோரமாக வைத்தான். அடியில் கூழாங்கல் பரப்பி, கருங்கல் துண்டுகளை மலை மாதிரி அடுக்கி, தண்ணீரை நிரப்பினான். தண்ணீர் பக்குவப்படச் சில வாரம் ஓட வேண்டுமாம், அப்புறம்தான் மீன் விட வேண்டுமாம். வெறும் தண்ணீரும் விளக்குமாக அதுவே அழகாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாமியாரின் படுக்கையை உதறும்போது தலையணை மேல் வெள்ளையாகத் தூள் கிடந்தது. சலித்த அரிசி மாவு மாதிரி. பழைய வீட்டில் சுண்ணாம்பு உதிர்வது புதிதா என்ன? துடைத்துவிட்டேன். மறுநாளும் கிடந்தது. துடைத்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் கூடுதலாகவே கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். தொட்டி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, கட்டைக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல்.

சகோதரிகளே, இங்கேதான் என் தப்பை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் கணவர் "தூக்கிப் போடு அதை" என்பார். பையன் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வான். 'பார்ப்போம், நின்றுவிடும்' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு முந்தானையால் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை. மாமியார் பல் தேய்க்க எழுந்து போயிருந்தார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். 'பொத்'தென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து தலையணை மேல் கிடக்கிறது! ஐந்து நிமிஷம் முன்னால் அவர் தலை இருந்த இடம். எனக்குக் கை கால் உதறிவிட்டது. அப்படியே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று வீட்டில் நடந்த கூச்சலை எழுதப் போவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாமியார் மட்டும் ஒன்று சொன்னார். "பிள்ளையைத் திட்டாதீங்க. அவன் என்ன கண்டான்? மொதல்ல அந்தத் தண்ணிய இறக்குங்க." மகன் ஒரு வார்த்தை பேசாமல் ரப்பர் டியூப் போட்டு ஜன்னல் வழியாகத் தண்ணீரை முற்றத்து டிரம்முக்கு இறக்கினான். கீழே அந்த அறையைப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் சொருகிக்கொண்டேன். மாமியாரின் கட்டில் கூடத்துக்கு வந்தது.

என் அக்கா மகள் சிவில் இன்ஜினீயர். கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குப் போன் செய்தேன். சாயந்திரமே வந்துவிட்டாள். வந்ததும் முதல் கேள்வி இதுதான்:

"சித்தி, அந்தத் தொட்டி எவ்வளவு கனம்னு யாராவது கணக்குப் போட்டீங்களா?"

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு எனக்கே புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

நாலு அடியை ஒன்றரையாலும் மறுபடி ஒன்றரையாலும் பெருக்கினால் 9 கன அடி. ஒரு கன அடியில் 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும். அப்படியானால் மொத்தம் சுமார் 255 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஆக, 17 குடம் தண்ணீர்! ஒரு குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறினாலே மூச்சு வாங்குகிறதே, பதினேழு குடத்தை ஓரிடத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம் என்று அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. அதோடு 10 மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். கூழாங்கல், கருங்கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 400 கிலோ.

"ஆறு பெரிய ஆளுங்க தோளோடு தோள் ஒட்டிக்கிட்டு அந்த நாலடி இடத்துல ராவும் பகலும் நிக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க சித்தி. விருந்தாளின்னா சாயந்திரம் கிளம்பிடுவாங்க. இவங்க கிளம்பவே மாட்டாங்க. மரக்கட்டை மேல இப்படி ஓயாம பாரம் இருந்தா அது நாளாக நாளாகத் தொய்யும்."

வீடுகளின் தளம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 875 என்று ஓர் இந்திய விதி இருக்கிறதாம். 1987-ல் வந்த அதன் இரண்டாம் பகுதி, குடியிருக்கும் அறைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. கட்டில், மேஜை, மனிதர்கள் எல்லாம் அதில் அடக்கம். எங்கள் தொட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு அந்தக் கணக்குப்படி சுமார் 110 கிலோதான். நாங்கள் வைத்ததோ 400! அதற்காக உடனே தளம் இடிந்து விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. அறையின் மற்ற இடத்தில் பாரம் குறைவாக இருந்தால் தளம் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் இன்ஜினீயர். நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் எங்கள் வீடு அந்த விதி வருவதற்குப் பல வருஷம் முன்னால் கட்டியது.

எங்கள் மாடித் தளம் 'மெட்ராஸ் டெரஸ்' வகை. சென்னையின் பழைய வீடுகளில் இருக்கும் சகோதரிகள் அண்ணாந்து பார்த்தால் தெரியும். சுவருக்குச் சுவர் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்திரக் கட்டைகள் ஓடும். அவற்றின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டி அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மேலே தட்டு ஓடு. கம்பி என்பதே கிடையாது. எத்தனையோ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நிற்கிற நல்ல தளம்தான். ஆனால் அதன் உயிரெல்லாம் அந்த மரக்கட்டையில் இருக்கிறது.

"பர்மாத் தேக்கு! எங்க தாத்தா பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது. அதுக்கு என்ன ஆகும்?" என்றார் என் கணவர்.

அவள் பதில் பேசாமல் ஸ்டூல் மேல் ஏறி, சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் 'டங் டங்' என்று கெட்டியான சத்தம். மேற்குச் சுவரை நெருங்கியதும் இரண்டு கட்டைகள் 'பொத் பொத்' என்றன. முருங்கைக் கட்டையைத் தட்டின மாதிரி. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது.

என்ன காரணம் என்று பார்த்தால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடிக் குளியலறை. குழாய் இணைப்பில் வருஷக்கணக்காக ஈரக் கசிவு. சுவருக்குள் புதைந்திருந்த கட்டையின் முனைகள் அந்த ஈரத்திலேயே ஊறி உளுத்துப்போய், பின்னாலேயே கரையானும் வந்துவிட்டது. மாமியாரின் அறைச் சுவரில் அந்த மூலையில் எப்போதும் ஒரு ஈரத் திட்டு இருக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன் மேல் வெள்ளையடித்து மறைத்துக்கொண்டிருந்தோம்!

அதாவது, தொட்டியே வராமல் இருந்திருந்தாலும் அந்தத் தளம் எங்களை ஒருநாள் கைவிட்டிருக்கும். இதைக் கேட்டதும் மாமியார் சொன்னார்: "அப்போ என் பேரன் கொண்டுவந்த தொட்டிதான் நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கு." மகன் அன்றுதான் தலையை நிமிர்த்தினான்.

மறுநாள் அவளுடைய அலுவலகத்து மூத்த இன்ஜினீயர் வந்து பார்த்தார். "தொட்டி வேணும்னா வச்சுக்கலாம். ஆனா வச்சாலும் வைக்காட்டியும் இந்த வேலையைச் செஞ்சே ஆகணும்" என்று சொல்லிவிட்டார். என் சீட்டுப் பணத்தை எடுத்தேன். தொட்டியின் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் குழாய்க் கசிவை அடைத்தார்கள். ஈரத்தை நிறுத்தாமல் மரத்தைச் சரி செய்வது, அடுப்பை அணைக்காமல் பொங்குகிற பாலைத் துடைக்கிற கதைதான். அடுத்து, கீழ் அறையில் தரையிலும் கூரையிலும் பலகை வைத்து நடுவில் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். "மேல தூக்கக் கூடாது, தொட்டுக்கிட்டு நின்னா போதும்" என்று அவள் மேஸ்திரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். தொய்ந்த கட்டையை வேகமாகத் தூக்கினால் மேலே உள்ள சுண்ணாம்புத் தளம் வெடித்துவிடுமாம்.

பிறகு உளுத்த முனைகளை வெட்டி எடுத்து, கரையான் மருந்து அடித்து, நல்ல மரத்துக்கு இரு பக்கமும் புதுத் தேக்குப் பலகை வைத்துப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி இந்த முறை காற்றோட்டத்துக்குச் சிறிது இடம் விட்டார்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. தொட்டி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, மேற்குச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, எல்லாக் கட்டைகளுக்கும் குறுக்காக 8 அங்குல இரும்பு கர்டர் ஒன்று. ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி இருக்குமே, அது. மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. அறை 12 அடி நீளம். சுவருக்குள் உட்கார இரு பக்கமும் சேர்த்து 13 அடி எடுத்ததில் 100 கிலோ வந்தது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். அதை அப்படியே செங்கல் மேல் வைத்துவிடவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் அந்த ஒரு இடத்தில் நசுங்கிவிடும் அல்லவா? அதனால் இரு பக்கச் சுவரிலும் குழி வெட்டிக் கான்கிரீட் திண்டு போட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டி, அது இறுகிய பிறகுதான் கர்டரை ஏற்றினார்கள். கர்டரின் முனை ஜன்னலுக்கு மேலே வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டார்கள். திறப்புக்கு மேலே பாரம் இறங்கக் கூடாதாம்.

கர்டருக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் இரும்புத் தகடும் ஆப்பும் வைத்து இறுக்கினார்கள். ஆடுகிற ஸ்டூல் காலுக்கு அட்டை மடித்து வைப்போமே, அதே வேலை. இடைவெளி இருந்தால் கட்டை தொய்ந்து வந்து தொட்ட பிறகுதான் கர்டர் தாங்க ஆரம்பிக்கும். கடைசியில் துருப் பிடிக்காமல் ரெட் ஆக்ஸைடு பூசி, மேலே சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தோம். பழைய வீடு, உயரமான கூரை. கர்டர் எட்டு அங்குலம் கீழே இறங்கி வந்தது கண்ணுக்கு உறுத்தவே இல்லை.

இந்த மூன்று வாரமும் என் கணவரும் மகனும் சேர்ந்தேதான் இரும்புக் கடைக்கும் மரக்கடைக்கும் அலைந்தார்கள். முதல் நாள் இருவரும் தனித்தனி வண்டியில் போனார்கள். மூன்றாம் நாள் ஒரே வண்டியில் போனார்கள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

தொட்டியை மறுபடி வைத்தபோதும் அவசரப்படவில்லை. நாலு காலும் ஓட்டின் மேல் நேராக அழுத்தினால் ஒவ்வொரு காலுக்கும் 100 கிலோ. அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை ஒன்று போட்டுப் பாரத்தைப் பரப்பினான். தொட்டியின் நீளம் கட்டைகளுக்குக் குறுக்காக வரும்படி வைத்தான். அப்போதுதான் ஒரே கட்டை சுமக்காமல் மூன்று கட்டைகள் பங்கிட்டுக்கொள்ளும். கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல். ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தான். கருங்கல் மலை வேண்டாம் என்று அவனே எடுத்துவிட்டான். ஒரு நாளைக்குக் கால் தொட்டி வீதம் நாலு நாளில் நிரப்பினான். கீழே சுவருக்குச் சுவர் ஒரு நூல் கட்டி, நூலுக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் தினமும் காலையும் மாலையும் அளந்து நான்தான் காலண்டரில் குறித்து வைத்தேன். நாலு நாளும், அதற்கு அப்புறம் ஒரு வாரமும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகே மாமியாரின் கட்டில் அவர் அறைக்குத் திரும்பியது.

மீன் தொட்டி எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் மாடியில் கனமான சாமான் இல்லாத வீடு எது? தண்ணீர் டிரம், இரும்பு பீரோ, புத்தக அலமாரி, மொட்டை மாடித் தோட்டம் என்று எத்தனையோ. ஆகவே சில குறிப்புகள்:

1. எதை மாடியில் ஏற்றினாலும் முதலில் கனத்தைக் கணக்கிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்கினால் தண்ணீரின் கனம் கிலோவில் வந்துவிடும். ஈர மண் தண்ணீரைவிடக் கனம்.

2. அடுத்த கேள்வி, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. சுவரா, உத்திரமா, அறையின் நடுப்பகுதியா? யார் படுக்கிற இடம்?

3. அறையின் நடுவைவிடப் பாரம் தாங்கும் சுவரோரம் நல்லது. ஆனால் எங்கள் வீட்டுக் கதை தெரியுமல்லவா? சுவருக்குள் இருக்கும் முனை நன்றாக இருந்தால்தான் சுவரோரம் பத்திரம்.

4. கான்கிரீட் தளம் உள்ள வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு என்றாலும் அலட்சியம் வேண்டாம். சின்னத் தொட்டிக்குப் பயமில்லை. மூன்று நாலு அடித் தொட்டி என்றால் வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் வைக்கவே வைக்காதீர்கள்.

5. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். கீழ் வீட்டில் இருப்பவரும் நம்மைப் போலத்தான்.

6. தொட்டிக்குப் போகும் மின்சார ஒயர், பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலே போகட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தரையில் சிந்துவதை உடனே துடைத்துவிடுங்கள். மரத்துக்கும் சுண்ணாம்புத் தளத்துக்கும் ஈரம்தான் எதிரி.

7. எங்கள் வீட்டுக்குச் செய்த கர்டர் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். அறையின் அளவு, சுவரின் கனம், கட்டையின் நிலை எல்லாம் வேறு. கொத்தனார் மட்டும் சொன்னால் போதாது. கட்டடத்தின் பலம் பார்க்கத் தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் நேரில் வந்து பார்க்கட்டும். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

இப்போது தொட்டியில் பன்னிரண்டு மீன்கள். ராத்திரி சாப்பாடு ஆனதும் என் கணவர் "சும்மா பார்த்துட்டு வரேன்" என்று மேலே போகிறார். சும்மா என்பது முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. மாடியேற முடியாத பாட்டிக்கு மகன் தினமும் போனில் படம் பிடித்து வந்து காட்டுகிறான். "இந்த செவப்பு ரொம்ப சேட்டை பண்ணுது" என்று அவரும் பெயர் வைக்காத குறையாக விசாரிக்கிறார்.

நானும் தினமும் காலையில் அவர் படுக்கையை உதறுகிறேன். உதறுமுன் தலையணையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்க்கிறேன். இத்தனை நாளாக ஒரு துளித் தூள் இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாள் என் முந்தானை துடைத்தது எனக்கு மறக்கவில்லை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நாம் எத்தனையோ விஷயத்தைத் துடைத்துவிடுகிறோம். சிலதைத் துடைக்கலாம். கூரையிலிருந்து விழுவதை மட்டும் துடைக்காதீர்கள் சகோதரிகளே. அன்றே, அந்த நிமிஷமே, வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

அடுத்த இதழில் பழைய வீட்டுச் சுவர்களில் ஏறும் ஈரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுவரை உங்கள் வீட்டு மூலைகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்து வையுங்கள்!